"வீக்கம் வத்துற மருந்து போட்டாச்சுல்ல சார்?"

சோழபுரத்துல இருந்து வந்த தம்பி கேட்டது இது. அப்பாவுக்கு மூளைக்குள்ள ரத்தக்கசிவு. மயக்கம் கூடிக்கிட்டே போச்சு, ஒரு கண்மணி விரிய ஆரம்பிச்சது. உடனே மானிட்டால் ஏத்தினோம்.

இது என்ன செய்யும்னு கேட்டீங்கன்னா, மூளைத் திசுவில் தேங்கிய நீரை ரத்தத்துக்குள் இழுத்து சிறுநீராக வெளியேற்றும். 3% சலைனும் அப்படித்தான் நீரை இழுக்கும். மண்டையோடு விரிஞ்சு கொடுக்காதே, அதனால அந்தக் கொஞ்ச நீர் குறைஞ்சாலே பெரிய விஷயம். ஆனா ரத்தக்கட்டி அங்கேயேதான் இருக்கும். சில மணி நேர ஆறுதல், அவ்வளவுதான். எல்லாருக்கும் முன்கூட்டியே போட்டு வைக்கிற மருந்தும் இல்லை. சிறுநீரகம் அடி வாங்கும்.

"ஸ்டீராய்டு போடலையா?"ன்னு கூட வந்த மாமா கேட்டார். 1987-லேயே பாங்காக்கில் 93 பேரிடம் சோதிச்சுப் பாத்தாச்சுங்க. பலன் இல்லை, தொற்று மாதிரி சிக்கல்தான் கூடுச்சு. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திட்டாங்க.

உண்மையில பெரிய வேலை பிரஷர்தான். இந்தியா, இலங்கை உட்பட 10 நாடுகளில் நடந்து 2023-ல் வெளியான இன்டராக்ட்-3 ஆய்வில், ஒரு மணி நேரத்துக்குள் 140-க்குக் கீழே இறக்கி, சர்க்கரை, காய்ச்சலையும் சேர்த்துக் கட்டுப்படுத்தினவங்க கூடுதலாத் தேறினாங்க.

"அப்பா பிரஷர் மாத்திரை எடுத்தாரா தம்பி?"

"நல்லாத்தான இருக்கேன்னு நிறுத்தி மூணு மாசமாச்சு சார். எந்திரிச்சிருவார்ல?"

"மருந்து ஓடுது. நாளைக்கு மறுபடி ஸ்கேன் பாக்கணும். இப்பவே சொல்ல முடியாதுப்பா."