சோங்கு

எங்கள் பாடசாலையில் கடெட் அறை என்று ஒன்று இருந்தது. உண்மையில் அது விளையாட்டுச் சாமான் போடுற ஸ்டோர்தான். கிழிந்த வலை, காற்றுப்போன வொலிபோல், அதற்குப் பின்னால் சாய்த்து வைத்த ஆறு துவக்குகள். ஆறும் .303. குழாயை அடைத்து, அடிக்கும் ஊசியைக் கழற்றி, அணிவகுப்புக்கு மட்டும் என்று ஒதுக்கிய சாமான். அதன் அடையாளமாக உடம்பில் 'டிபி' என்று குத்தியிருக்கும். அதை வைத்து ஒரு காகத்தைக்கூட விரட்ட ஏலாது. ஆனால் பாரம் மட்டும் குறையவில்லை, கிட்டத்தட்ட நாலு கிலோ.

2018ஆம் ஆண்டு, நாங்கள் ஓ.எல். எழுத வேண்டிய வருசம். ரன்டெம்பே முகாமுக்குப் போகவேண்டும் என்று பின்னேரம் பின்னேரமாகப் பயிற்சி நடந்தது. துவக்கைத் தோளிலிருந்து இறக்கி நிலத்தில் வைக்கச் சொன்னபோது எங்களில் ஒருவன் சீமெந்துத் தரையில் ஓங்கி வைத்துவிட்டான். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு பார்த்தால் சோங்கின் கழுத்தில் வெடிப்பு. கையால் பிடிக்கிற அந்த ஒடுங்கின இடத்தில் மரம் நீளவாக்கில் பிளந்து, தொட்டால் ஆடியது.

பொறுப்பான சேர் ஏசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இது கணக்கில இருக்கிற சாமான்" என்று மட்டும் சொன்னார். பிறகு மூலையில் கிடந்த ஒரு சாக்கைக் காட்டினார். எப்போதோ கழித்துவிடப்பட்ட பழைய சோங்குகள் ஐந்து அதற்குள் கிடந்தன. நான்கு உளுத்துப்போயிருந்தன. ஐந்தாவது நல்ல கறுப்பு, பழைய எண்ணெய் ஊறிய மரம். "ஓடாவி ஆரும் தெரிஞ்சா போட்டுக்கொண்டு வாங்க, ஒரு கிழமைக்குள்ள."

எங்களுக்கு ஓடாவி தெரியும். நால்வரில் ஒருவனின் மூத்தாப்பா. கல்முனையில் பழைய வீடுகளில் நிலை, கதவு என்று பார்த்தால் நாலுக்கு ஒன்று அவருடைய கைவேலையாக இருக்கும். சுனாமியில் அவருடைய பட்டறை கடலோடு போனது. அதற்குப் பிறகு வீட்டு முற்றத்தில் தகரம் இறக்கி, சின்னச் சின்ன வேலை செய்துகொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை மூத்தாப்பா என்றுதான் கூப்பிடுவோம்.

துவக்கை வேனில் கொண்டுபோக ஏலாது என்று சேர் சொல்லிவிட்டார். ஆகவே பழைய சோங்கை மட்டும் பேப்பரில் சுற்றிக்கொண்டு போனோம். மூத்தாப்பா பேப்பரைப் பிரித்தார், பார்த்தார், திரும்பச் சுற்றி எங்கள் கையிலேயே தந்தார்.

"இந்த வேல நான் செய்யிறல்ல மனே. மேச, கதிர எண்டா கொண்டாங்க."

"மூத்தாப்பா, இது சுடுற துவக்கு இல்ல. சும்மா பரேட்டுக்கு."

"வெளங்குது. செய்யிறல்ல."

அதற்கு மேல் கேட்கப் பயம். சரி, மரம்தானே, நாங்களே போடுவோம் என்று முடிவெடுத்தோம். பதினாறு வயதில் எல்லாம் 'தானே' போட்டுத்தான் தெரியும்.

.303இல் மரம் ஒரே துண்டு இல்லை. குழாயின் கீழே போகும் முன்கட்டை வேறு, தோளில் வைக்கும் சோங்கு வேறு. இரண்டுக்கும் நடுவில் இரும்பு உடம்பு. அந்த உடம்பின் பின்பக்கம் ஒரு கிண்ணம் மாதிரிக் குழி இருக்கும். சோங்கின் முனை அதற்குள் இறுக்கமாகப் போய் உட்காரவேண்டும். சோங்கின் அடியில் பித்தளைத் தகடு. அதில் ஒரு சின்னக் கதவு. அந்தப் பொந்தில் சிப்பாய் எண்ணெய்ப் போத்தலையும் குழாய் துடைக்கிற கயிற்றையும் வைத்துக்கொள்வானாம். அதே பொந்துக்குள், இன்னும் ஆழத்தில், ஒரு நீளப் போல்ட். அதுதான் சோங்கை இரும்போடு சேர்த்து இழுத்துப் பிடிக்கிறது. இதெல்லாம் யூடியூபில் அரைவாசி பார்த்தோம். மற்ற அரைவாசியைப் பார்த்திருக்கவேண்டும்.

கராஜ் ஒன்றில் இரும்புக் கம்பி வாங்கி, முனையைத் தட்டையாக அடித்து, நீளத் திருப்புளி மாதிரி ஆக்கினோம். பொந்துக்குள் விட்டு முறுக்கினோம். போல்ட் அசையவில்லை. இரண்டு பேர் பிடிக்க, இரண்டு பேர் முறுக்க, 'டக்' என்று ஒரு சத்தம். அசைந்துவிட்டது என்று சந்தோசப்பட்டோம். அசைந்தது போல்ட் மட்டும் இல்லை. முன்கட்டையின் பின்நுனியும் சேர்ந்து பிளந்திருந்தது. ஒரு வெடிப்போடு வந்த துவக்குக்கு இப்போது இரண்டு வெடிப்பு.

அன்றிரவு பேரன்தான் மூத்தாப்பாவிடம் போய் அழுதான். அடுத்த நாள் பின்னேரம் மூத்தாப்பா தன் சைக்கிளில் பாடசாலைக்கு வந்தார். கெரியரில் உளிப்பெட்டி. துவக்கைக் கையில் எடுக்கவில்லை. மேசையில் வைக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தார்.

"முன்கட்டையக் கழட்டாம போல்ட்ட முறுக்கினீங்களா?"

நாங்கள் பேசவில்லை.

"அந்தப் போல்ட்ட நுனி சதுரம். முன்கட்டைக்கி உள்ளுக்க ஒரு தகடு அதப் புடிச்சிக்கிட்டு இரிக்கும். நீங்க முறுக்கினா தகடு திரும்பும், தகடு மரத்தப் பொளக்கும். படிக்கிற புள்ளையள்."

எங்களுக்கு அந்த ஏச்சு உறைக்கவில்லை. வேறு ஒன்றுதான் உறைத்தது. மேசை, கதிரை செய்கிற மனிசனுக்கு இது எப்படித் தெரியும்? இது யூடியூப் பார்த்துச் சொல்லுற கதை இல்லை.

மூன்று பின்னேரம் வந்தார். கடைசி வரைக்கும் இரும்பைத் தொடவில்லை. இரும்பு வேலை எல்லாம் நாங்கள், மரம் எல்லாம் அவர். முன்கட்டையின் வெடிப்புக்குள் அரல்டைட் விட்டு நூலால் சுற்றிக் கட்டினார். பிறகு சோங்கு. சாக்கில் இருந்த சோங்கின் முனை கிண்ணத்துக்குள் முக்கால்வாசிதான் போனது. நாங்கள் உடனே உளியைத் தூக்கினோம். தடுத்தார். குப்பி விளக்கு ஒன்று கொண்டுவரச் சொன்னார். விளக்குக் கரியை எடுத்து இரும்புக் கிண்ணத்தின் உட்பக்கம் எங்களைப் பூசச் சொன்னார். சோங்கை உள்ளே தள்ளி வெளியே இழுத்தால் மரத்தில் சில இடத்தில் மட்டும் கரி ஒட்டியிருக்கும். ஒட்டின இடம்தான் முட்டுற இடம். அதை மட்டும், நகத்தளவு, சீவவேண்டும். பிறகு திரும்பக் கரி, திரும்பத் தள்ளு. ஒரு பின்னேரம் முழுக்க இதுதான். நாற்பது தடவையாவது தள்ளியிருப்போம்.

"கூடச் சீவினா லேசாப் போகும். லேசாப் போனா ஆடும். ஆடினா திரும்பக் கழுத்தில வெடிக்கும்" என்றார். கடைசியில் மரச் சுத்தியலால் தட்டித்தான் உள்ளே போனது. முடி நுழைய இடமில்லை. சாண்ட் பேப்பர் போட்டு, லின்சீட் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்க்கச் சொன்னார். வாசம் ஒரு மாதிரி, பழைய கிரிக்கெட் மட்டை மாதிரி.

முடிந்த பிறகுதான் ஒரு பிழை தெரிந்தது. துவக்கு எங்களில் உயரமானவனுக்குக் கட்டையாக இருந்தது. தோளில் வைத்தால் மூக்கு கையில் முட்டியது. சோங்கில் குத்தியிருந்த ஆங்கில எழுத்தைப் பார்த்தோம்: 'பி'. அதன் அர்த்தம் பிறகு தேடி அறிந்ததுதான். 1907இல் வந்த இந்த மாதிரித் துவக்குக்குச் சட்டை அளவு மாதிரி சோங்குக்கும் அளவு உண்டு. சாதாரணம், அதைவிட அரை அங்குலம் நீளம், அரை அங்குலம் கட்டை, அதற்கும் கட்டையாக ஒன்று. அந்தக் கடைசி அளவுக்குப் பெயர் பேண்டம், சின்னச் சாதிக் கோழியின் பெயர். அதே பெயரில் முதலாம் உலகப் போரில் பட்டாளங்களும் இருந்தன. ஐந்தடி மூன்றங்குலம் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட ஆண்களை வைத்து 1914இல் இங்கிலாந்தின் பேர்கன்ஹெட் நகரத்தில் தொடங்கிய பட்டாளங்கள். எங்கோ ஒரு குள்ளச் சிப்பாயின் கைக்கு என்று அளந்த மரம், எங்கள் ஊர் ஸ்டோரில் சாக்குக்குள் கிடந்திருக்கிறது. அந்தத் துவக்கு எங்கள் குழுவில் ஆகச் சின்னவனுக்குப் போனது. அவனுக்கு அச்சாவாகப் பொருந்தியது.

அவனை நிற்க வைத்து அளவு பார்த்தவரும் மூத்தாப்பாதான். அவனுடைய முழங்கையை மடக்கச் சொல்லி, மடிப்பிலிருந்து விரல்வரை சாணால் அளந்தார். அளந்துகொண்டே சொன்னார், எங்களிடம் இல்லை, மரத்திடம் சொல்வது போல: "தொண்ணூறில எத்தின பேருக்கு இப்பிடி அளந்த."

அவ்வளவுதான் அன்றைக்கு. மிச்சத்தைப் பேரன் தன் உம்மாவிடம் கேட்டுத் துண்டு துண்டாகக் கொண்டுவந்தான். 1990 ஜூனில் கிழக்கில் பொலிஸ் நிலையங்கள் புலிகளின் கைக்குப் போய், சரணடைந்த பொலிஸார் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள். அதன் பிறகு எங்கள் ஊர்களில் ஊர்காவல் படையில் சேர ஆள் பிடிக்கத் தேவையிருக்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்த துவக்குகள் பழசு. ஷொட்கன், சிலதில் .303. சோங்கு ஆடுறது, வெடிச்சது எல்லாம் மூத்தாப்பாவின் பட்டறைக்கு வந்தது. ஊரைக் காக்கிற வேலை என்று அவர் காசு வாங்கவில்லை. முதிரையிலும் வேம்பிலும் சோங்கு செய்து கொடுத்திருக்கிறார்.

அதே ஓகஸ்ட் 12ஆம் திகதி. சம்மாந்துறைக்குப் பக்கத்தில், வீரமுனையில், கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழ்ச் சனங்கள் கொல்லப்பட்டார்கள். ஊர்காவல் படையினர் அதில் இருந்தார்கள் என்று அந்த ஊர்ச் சனம் இன்றுவரை சொல்கிறது. எங்கள் வீடுகளில் காத்தான்குடியைப் பற்றிப் பேசுவார்கள். வீரமுனையைப் பற்றி யாரும் பேசி நாங்கள் கேட்டதில்லை. அந்தப் பெயரையே இந்தத் துவக்கு வேலைக்குப் பிறகுதான் இணையத்தில் வாசித்தோம். மூத்தாப்பாவின் மகள் சொன்னது இவ்வளவு: அந்த மாசத்துக்குப் பிறகு வாப்பா துவக்கு வேலை எடுக்கவில்லை. யார் வந்து கேட்டாலும் மேசை, கதிரை என்று சொல்லித் திருப்பிவிடுவார்.

அவர் செய்த சோங்கு எந்தத் துவக்கில் இருந்தது, அது எங்கே போனது என்று அவருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அவருக்குக் கஷ்டம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. எங்களுக்காக அவர் உளிப்பெட்டியோடு வந்தது பேரனின் அழுகைக்காகத்தான். அது தெரியாமல் மூன்று பின்னேரமும் அவருக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்திருக்கிறோம்.

வெடித்த பழைய சோங்கை சேர் எங்களிடமே விட்டார். நாங்கள் என்று எழுதினாலும் அது கிடந்தது ஒரு வீட்டில்தான். யார் வீடு என்பதை விடுங்கள். அறைக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க முட்டுக்கொடுக்க நல்ல பாரமான மரம். ஒரு வருசம் அப்படிக் கிடந்தது.

2019 ஏப்ரல் 21. பிறகு ஐந்து நாளில், 26ஆம் திகதி இரவு, சாய்ந்தமருது. வெடிச்சத்தம் எங்கள் யன்னல்களில் கேட்டது. அதன் பிறகு வீடு வீடாகத் தேடுதல். டீவியில் மேசை நிறையக் கத்தியும் வாளும் அடுக்கிக் காட்டினார்கள். சமையல் கத்தியை எங்கே வைப்பது என்று ஊர்ப் பெண்களெல்லாம் யோசித்த நாட்கள். கடெட் சீருடையைக்கூட மடித்து அலுமாரிக்கு அடியில் போட்டோம்.

ஒரு இரவு உம்மா கதவு முட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றா. "இது என்னது எண்டு கேட்டா என்ன சொல்லுவ?"

மரம் என்று சொல்வோம். பாடசாலைத் துவக்குடைய மரம். சிங்களத்தில் எப்படிச் சொல்வது? எங்களுக்குத் தெரிந்த சிங்களத்தில் 'துவக்கு' என்ற சொல் வரும், 'பழைய', 'பாடசாலை' எல்லாம் வரும். அந்த மூன்று சொல்லையும் நடுச்சாமத்தில் எந்த வரிசையில் சொன்னாலும் முதல் சொல்தான் கேட்கும்.

உம்மா கத்தியால் பித்தளைத் தகட்டைக் கழற்றிக் கிணற்றில் போட்டா. மரத்தை வாப்பா கோடாலியால் நாலாகப் பிளந்தார். விடியச் சாமத்தில் அடுப்பு மூட்டி அதில் வைத்தோம். எண்ணெய் ஊறின மரம், சீக்கிரம் பற்றியது, கறுப்புப் புகை. அந்தப் புகையை யாரும் பார்த்துவிடுவார்களோ என்று அதற்கும் பயம். தேடுதலுக்கு வந்தவர்கள் இரண்டு நாள் கழித்து வந்தார்கள். அலுமாரியைத் திறந்து பார்த்தார்கள், போனார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

இப்போது ஒலுவிலில் கலைப்பீடத்தில் இருக்கிறோம். போன தவணை வாய்மொழி வரலாறு என்று ஒரு ஒப்படை. நாங்கள் மூத்தாப்பாவிடம்தான் போனோம். போனை மேசையில் வைத்து றெக்கோட் போட்டோம். சுனாமி பற்றிச் சொன்னார், பட்டறை பற்றிச் சொன்னார், அந்தக் காலத்தில் முதிரை மரம் என்ன விலை என்று அரை மணித்தியாலம் சொன்னார். தொண்ணூறைக் கேட்டோம். "அது பெரிய கரச்சல் காலம்" என்றார். அதற்கு மேல் இல்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. ஒப்படையில் சுனாமியை மட்டும் எழுதினோம்.

றெக்கோடை நிறுத்தி எழும்பும்போது கேட்டார்.

"அந்த வெடிச்ச சோங்கு இரிக்கா மனே? அது நல்ல வால்நட் மரம். இந்தப் பக்கம் கெடைக்காது. வீசவேணாம், எனக்கு உளிக்குப் புடி போடத் தாங்க."

"இரிக்கி மூத்தாப்பா" என்றோம், நாலு பேரும் ஒரே நேரத்தில்.

"வெள்ளிக்கிழம ஜும்ஆக்குப் பொறவு கொண்டாங்க."