நழுவும் சங்கிலி

நமது பங்கின் கிளைக் கிராமங்களுள் ஒன்று குன்றின் மேல் உள்ளது. நான்கு கிலோமீட்டர் தூரம். அதில் கடைசி ஒரு கிலோமீட்டர் நல்ல ஏற்றம். மோட்டார் சைக்கிள் இருக்கவே செய்கிறது. ஆயினும் நம் சர்க்கரை அளவைக் கண்ட மருத்துவர், நடந்தாவது மிதித்தாவது ஆகவேண்டும் என்று கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டபடியால், வெளிநாட்டு வேலைக்குப் போன பங்கு இளைஞர் ஒருவர் விட்டுச் சென்ற கியர் சைக்கிளை நாம் எடுத்துக்கொண்டோம். மலைச் சைக்கிள் என்று அதற்குப் பெயர். 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மாரின் என்னும் பகுதி இளைஞர் சிலர் பழைய கனத்த சைக்கிள்களில் மலைச்சரிவில் இறங்கி விளையாடியதிலிருந்து வளர்ந்த வகை அது. முன்னே மூன்று, பின்னே ஏழு பற்சக்கரங்கள். கியர் மாற்றுவதில் நமக்கு அவ்வளவு துணிவில்லை. பின்னாலுள்ள ஏழில் இரண்டை மட்டுமே வைத்து இரண்டாண்டுகள் ஓட்டினோம். இந்த விவரத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கட்டும்.

சென்ற தவக்காலத்தில் ஏற்றத்திலே சங்கிலி நழுவத் தொடங்கிற்று. எழுந்து நின்று அழுத்தி மிதித்தால் 'படக்' என்று ஒரு சத்தம். கால் வெறுமையில் இறங்கும். கியர்க் கம்பி தளர்ந்திருக்குமென்று எண்ணி, பின்புறம் அது வந்து சேருமிடத்திலுள்ள சிறு திருகை அரைச்சுற்று இப்படியும் அரைச்சுற்று அப்படியும் திருகிப் பார்த்தோம். பயனில்லை. கம்பியில் குறையிருந்தால் சங்கிலி தானாகவே பக்கத்துப் பல்லுக்கு ஏறவோ இறங்கவோ முயலும், ஓயாமல் கிறீச்சிடும். நம்முடையதோ அதே பல்லில் நின்றுகொண்டே நழுவிற்று. அடுத்து, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைப் பின்னோக்கி மெல்லச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கண்ணியாகக் கவனித்தோம். துருவேறி மடங்க மறுக்கும் கண்ணி ஒன்று இருந்தால், கீழேயுள்ள சிறு சக்கரங்களைக் கடக்கும்போது அது துள்ளும். சங்கிலியின் ஒவ்வொரு முழுச் சுற்றுக்கும் ஒரு முறை தவறாமல் நழுவலும் வரும். எண்ணெய் விட்டு, அக்கண்ணியைக் கைகளால் பக்கவாட்டில் அசைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதுவும் நமக்கு இல்லை.

கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருப்பவர் நம் பாடகர் குழுவைச் சேர்ந்த இளைஞர். அவரிடம் கொண்டுபோனோம். பார்த்தார், ஏதோ சொன்னார், புதுச் சங்கிலி போட்டார், 350 ரூபாய் வாங்கினார். மறுநாள் குன்றின் மேல் படுத்த படுக்கையாயிருந்த மூதாட்டிக்கு நற்கருணை கொடுக்கப் புறப்பட்டோம். ஏற்றம் தொடங்கியதும் முன்னைவிட மோசமாக, இரண்டு மிதிக்கு ஒரு முறை நழுவிற்று. நற்கருணையைச் சுமந்து செல்கையில் விபரீதம் வேண்டாமென்று இறங்கித் தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். திரும்பும் வழியில், வாய்க்கால் பாலத்து மேட்டில் நழுவிய வேகத்தில் கீழே விழுந்தோம். முழங்கால் கிழிந்தது, அங்கி அதைவிட அதிகமாய்க் கிழிந்தது.

கிழிந்த அங்கியோடு நேரே கடைக்குச் சென்றோம். மாலை நேரம், கடைமுன் நாலைந்து பேர். "மட்டமான செயினைப் போட்டுக் காசு வாங்கிவிட்டாயே, தம்பி" என்றோம். சற்று உரக்கவே சொன்னோம். அவர் மறுமொழி கூறவில்லை. கல்லாவைத் திறந்து 350 ரூபாயை எடுத்து நம் கையில் வைத்தார். நாமும் வாங்கிக்கொண்டோம். இதை எழுதவே கூசுகிறது.

அடுத்த ஞாயிறு பாடகர் குழுவில் அவர் இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை.

பின்னர் நகரத்துக்குப் போக நேர்ந்தபோது, பேருந்து நிலையத்தின் பின்னால் நெடுங்காலமாய்க் கடை வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் சைக்கிளை எடுத்துச் சென்றோம். அவர் முதலில் செய்தது, இரும்பு அளவுகோலைப் புதுச் சங்கிலியின்மேல் வைத்தது. ஆணிக்கு ஆணி அரை அங்குலம். 24 கண்ணிக்குச் சரியாய் 12 அங்குலம். "செயின் அசல் சரக்கு, சாமி" என்றார். கழற்றிய பழைய சங்கிலி பைக்குள்ளேயே கிடந்தது. அதையும் அளந்தார். 24 கண்ணிகள் 12 அங்குலத்தைக் கடந்து ஓர் அங்குலத்தின் எட்டிலொரு பங்கு நீண்டிருந்தன. இரும்பு ரப்பர்போல் இழுபடுவதில்லை. ஒவ்வோர் ஆணியும் அது பொருந்தும் துளையும் கண்ணுக்குத் தெரியாமல் தேய, அத்தேய்வுகளெல்லாம் கூடித்தான் சங்கிலி நீளுகிறது. பதினாறிலொரு பங்கு நீண்டபோதே மாற்றியிருந்தால் பற்கள் தப்பியிருக்கும். அதைக் கடந்தால் நீண்ட சங்கிலி பற்களையும் தன் அளவுக்கே தேய்த்துவிடுகிறது. பழைய சங்கிலியும் பழைய பல்லும் சேர்ந்தே தேய்ந்தவை, ஒருவாறு ஒத்துப்போகும். புதுச் சங்கிலி அந்தப் பள்ளத்தில் உட்காராது. அழுத்தி மிதித்தால் பல்லின்மேல் ஏறித் தாவிவிடும்.

பாய் சைக்கிளை நாம் தொட்டே இராத பெரிய பல்லுக்கு மாற்றி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மிதியைக் கையால் அழுத்தினார். நழுவவில்லை. நாம் ஓட்டிய அந்த இரண்டு பற்களில் மட்டும் நழுவிற்று. விரலால் தடவிக் காட்டினார்: மற்றவை நிமிர்ந்து நிற்க, அவ்விரண்டு மட்டும் அரிவாள் மூக்குப்போல் ஒருபுறம் வளைந்து கூர்த்திருந்தன. "பிரீவீலையும் சேர்த்து மாத்தணும். போட்டவர் சொல்லலியா?"

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சொல்லியிருந்தார். "பல் செட்டும் போயிருச்சு சாமி, ரெண்டும் மாத்தினாத்தான் சரிவரும்" என்று அவர் அன்றே சொல்லியிருந்தார். மேலும் 600 ரூபாயா என்று மலைத்து, "செயின் மட்டும் போதும்" என்றவர் நாமே.

எட்டாம் கட்டளையை விளக்கும்போது, பிறர் பெயரைக் கெடுத்தவர் வருத்தப்பட்டால் மட்டும் போதாது, கெடுத்த பெயரைச் சீராக்கவும் கடமைப்பட்டவர் என்று ஞானோபதேச வகுப்பில் ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். குருமடத்தில் தேர்வெழுதித் தேறிய பாடம் அது. தொலைபேசியில் அழைத்துப் பேசிவிடலாமா என்ற எண்ணம் நமக்கும் எழாமலில்லை. ஆனால் பழித்தது கடைமுன், மாலையில், ஆட்கள் நிற்கையில்.

ஆகவே அதே மாலை நேரத்தில் சென்றோம். அன்று நின்றவர்களில் இருவர் இருந்தனர். "தம்பி, நீ போட்டது நல்ல செயின். பல்லையும் மாற்றச் சொன்னாய், வேண்டாமென்றது நான். இவர்கள் முன் தவறாகப் பேசிவிட்டேன், மன்னித்துவிடு" என்று சொல்லி 350 ரூபாயை மேசைமேல் வைத்தோம். "அதெல்லாம் எதுக்கு சாமி" என்றாரேயொழிய நம்மை நிமிர்ந்து பார்க்கவில்லை. சைக்கிளைத் தலைகீழாக்கிச் சக்கரத்தைக் கழற்றினார். பல் வெட்டிய குழாய்ச் சாவியைப் பிரீவீலுக்குள் செருகி, நீண்ட ஸ்பேனரால் பலங்கொண்ட மட்டும் திருகினார். ஈராண்டு அழுத்தி மிதித்ததெல்லாம் அதை இறுக்கியே வைத்திருந்தது; மூன்றாம் முயற்சியில்தான் கழன்றது. புதியதற்குக் கிரீஸ் தடவிப் பொருத்தினார்.

சோதித்துப் பார்க்க நாம் கை நீட்டியபோது, "இருங்க சாமி, முழங்கால் இன்னும் ஆறியிருக்காது" என்று சொல்லி அவரே ஏறிக்கொண்டார். வாய்க்கால் பாலத்து மேட்டில், இருக்கையை விட்டு எழுந்து, உடலின் பாரம் முழுவதையும் மிதியில் இறக்கி ஏறினார். கடைமுன் நின்றவர்களும் நாமும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம். சத்தமேதும் எழவில்லை.