அன்றன்று கட்டும் கணக்கு

அரசுப் பேருந்தில் நடத்துநராகச் சேர்ந்து, பரிசோதகராக ஓய்வு பெற்றவன் நான். ஒரே டிப்போவில், ஏறக்குறைய ஒரே சம்பளத்தில், ஒரே வழித்தடங்களில் உழைத்த மனிதர்கள் அறுபது வயதை நெருங்கும்போது எத்தனை வேறுபட்டுப் போனார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பணி ஓய்வு நாளில் போட்ட மாலையோடு நிமிர்ந்து நடந்து வீடு திரும்பியவர்கள் உண்டு. அந்த மாலையை வாங்கிப்போக மகனை அனுப்பியவர்களும் உண்டு. பிள்ளைகளே, அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் டிப்போவில் ஓர் ஓட்டுநர் இருந்தார். வயதில் மூத்தவர்களும் அவரை அண்ணன் என்றே அழைப்பார்கள். விடுப்பு கேட்டு நின்றவர் அல்லர். தீபாவளி, பொங்கல் நாட்களில் ஆள் குறைந்தால் டைம் கீப்பர் முதலில் தேடுவது அவரைத்தான். டபுள் டூட்டி என்றாலும் முகம் கோண மாட்டார். நாற்பதைத் தாண்டிய வயதில், வழக்கமான மருத்துவப் பரிசோதனையில் அவருக்குச் சர்க்கரை இருப்பதாகச் சொன்னார்கள். "எனக்கு ஒண்ணும் செய்யலையேப்பா" என்றார். அவர் சொன்னது உண்மை. சர்க்கரை நோய் தொடக்க ஆண்டுகளில் பலருக்கு ஒன்றும் செய்வதில்லை. செய்யத் தொடங்கும்போது உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும்.

அந்நாளைய பேருந்துகளில் என்ஜின் ஓட்டுநரின் இடப்பக்கம், காலை ஒட்டியே இருக்கும். கோடையில் அந்த மூடியைத் தொட முடியாது. ஒரு சித்திரை மாதம், கடைசி ட்ரிப் முடித்து இறங்கியவரின் இடது பாதத்தில் பெரிய கொப்புளம் எழுந்திருந்தது. பக்கத்தில் நின்ற நான் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தார். வலி இல்லை என்றார். ஆண்டுக்கணக்கில் கட்டுக்குள் வராத சர்க்கரை பாதத்து நரம்புகளை உணர்விழக்கச் செய்திருந்தது. புண் ஆறவில்லை; இரண்டு விரல்களை எடுத்தார்கள். அதன்பின் அவர் ஸ்டியரிங் பிடிக்கவில்லை. டிப்போ அலுவலகத்தில் உட்கார்ந்து பதிவேடு எழுதினார்.

அவருடைய உழைப்பை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன். தாங்கும் வலிமை இல்லாமல் எந்தக் குடும்பமும் எழுந்து நின்றதில்லை. மூன்று பெண்களைக் கரை சேர்த்தவர் அவர். ஆனால் தாங்குவது வேறு, பாராமல் இருப்பது வேறு. சர்க்கரை உள்ளவர்கள் இரவு படுக்கும்முன் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது அரை நிமிட வேலை. வெறுங்காலோடு நடக்காமல் இருப்பது செலவில்லாத வேலை. இந்தச் சிறிய காரியங்களைச் செய்யவும் பொறுமை வேண்டும். ஒரு பெரிய துன்பத்தைத் தாங்குவதற்கு வேண்டிய பொறுமையைவிட அது அரிது என்று எனக்குத் தோன்றுகிறது. பெரிய துன்பத்தை ஊரே பார்க்கும், மெச்சும். பாதத்தைத் திருப்பிப் பார்ப்பவரை யார் மெச்சப் போகிறார்கள்?

எங்களைப் போன்ற பேருந்துக்காரர்களின் உடம்பிலிருந்தே உலகம் ஒரு பெரிய பாடத்தைக் கற்றது என்பதைப் பின்னாளில் படித்து அறிந்தேன். லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் அந்த நகரத்து இரண்டடுக்குப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இரு சாராரும் ஒரே வண்டியில் போகிறவர்கள். ஒருவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார். மற்றவர் மாடிப்படி ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுக்கிறார். 1953இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் லான்செட் இதழில் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. உட்கார்ந்து வேலை செய்த அஞ்சல் துறை எழுத்தர்களையும், நடந்தும் மிதிவண்டியிலும் கடிதம் கொண்டுபோன தபால்காரர்களையும் ஒப்பிட்டபோதும் அதே போக்குத் தெரிந்தது. உடல் அசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை மருத்துவ உலகம் தீவிரமாக ஆராயத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அந்தக் கண்டுபிடிப்பைவிட, மாரிஸ் குழுவினரின் நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். பணியாளர்களுக்குத் தைத்த சீருடை அளவுகளைத் தேடியெடுத்து, கால்சட்டையின் இடுப்புச் சுற்றைப் பார்த்தார்கள். ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதாக இருந்தது. வேலையில் சேர்ந்த இளம் வயதிலேயே அப்படித்தான் இருந்தது. ஆகவே எல்லா நன்மையையும் மாடிப்படியின் பெயரில் எழுதிவிட முடியாது என்பதையும் 1956இல் அவர்களே வெளியிட்டார்கள். தன் கண்டுபிடிப்பின் மீதே கேள்வி எழுப்பத் துணிந்த மாரிஸ், 99 வயது வரை வாழ்ந்து 2009இல் மறைந்தார்.

அந்த இடுப்புச் சுற்றை நீங்களும் அளந்து பாருங்கள். நம் நாட்டினருக்கு ஆண்களென்றால் 90 சென்டிமீட்டர், பெண்களென்றால் 80 சென்டிமீட்டர். அதைத் தாண்டினால் எச்சரிக்கை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னே வருவது நம்மவர் உடல்வாகு. எடை பார்க்கும் இயந்திரம் சொல்லாததைத் தையற்காரரின் நாடா சொல்லிவிடும்.

சென்னையிலேயே நடந்த ஓர் ஆய்வை இங்கே சொல்லியாக வேண்டும். மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்தது. முடிவுகள் 2006இல் வெளிவந்தன. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்கள், அதாவது இன்னும் நோயாளி ஆகாதவர்கள், 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இன்னொரு பிரிவினருக்கு அன்றாடப் பழக்கங்களில் மாற்றம்: தினமும் அரைமணி நேரமாவது நடை; சோறு, மாவுப் பண்டம், இனிப்பு, எண்ணெய் ஆகியவற்றில் குறைப்பு; நார்ச்சத்துள்ள உணவில் கூடுதல். மூன்று ஆண்டுகளில் முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேர் சர்க்கரை நோயாளி ஆனார்கள். பழக்கத்தை மாற்றிக்கொண்ட பிரிவில் நூற்றுக்கு 39 பேர். மாத்திரை மட்டும் கொடுத்த மற்றொரு பிரிவிலும் ஏறக்குறைய அதே அளவு பயன்தான் கிடைத்தது.

இந்த எண்களை இரண்டு பக்கமும் வைத்து எடைபோட வேண்டும். நடையும் உணவும் மாத்திரைக்குச் சமமாக வேலை செய்தன என்பது ஒரு பக்கம். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்ய முயன்றவர்களிலும் நூற்றுக்கு 39 பேருக்கு நோய் வந்தது என்பது மறுபக்கம். ஆகவே, பிள்ளைகளே, நோயுற்ற ஒருவரைப் பார்த்து "அவர் கண்டபடி தின்றிருப்பார்" என்று சொல்லாதீர்கள். பரம்பரை உண்டு, வறுமை உண்டு, இரவுப் பணி உண்டு, நம் கைக்கு எட்டாத காரணங்கள் இன்னும் உண்டு. பொறுப்பு என்பது நாம் நம்மிடம் கேட்டுக்கொள்ளும் கேள்வி. அதைப் பிறர் மீது எறிவது அறமாகாது. 2023இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வு ஒன்று, இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், 13 கோடிக்கும் மேற்பட்டோர் விளிம்பில் நிற்பதாகவும் மதிப்பிட்டது. இத்தனை பேரும் ஒழுக்கம் கெட்டவர்கள் அல்லர்.

நடத்துநருக்கு ஒரு விதி உண்டு. எத்தனை மணிக்கு வண்டி டிப்போவுக்குள் நுழைந்தாலும், கலெக்ஷன் கட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போக முடியும். மாதக் கடைசியில் மொத்தமாகக் கட்டுகிறேன் என்றால் யாரும் ஏற்கமாட்டார்கள். உடம்பின் கணக்கும் அப்படித்தான் என்பதை என்னுடன் பணியாற்றிய ஒருவரிடம் கண்டேன்.

வெளியூர் வண்டிகள் நெடுஞ்சாலையோர உணவகங்களில் நிற்கும்போது ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் காசில்லாமல் சாப்பாடு போடுவார்கள். நள்ளிரவில் பரோட்டா, சால்னா, ஆம்லெட், மேலே ஒரு தேநீர். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. அந்த நண்பர் மட்டும் தூக்குச் சட்டியைத் திறப்பார். இரண்டு கரண்டி சோறு, அதைவிடக் கூடுதலாகக் கீரையோ அவரைக்காய்ப் பொரியலோ, ஒரு பிடி சுண்டல். சாப்பிட்டுவிட்டு வண்டியைச் சுற்றி நடந்துகொண்டிருப்பார். நைட் ஹால்ட் போடும் கிராமங்களில் விடியுமுன் எழுந்து ஏரிக்கரை வரை போய்வருவார். "சாமியார்" என்று பட்டம் கட்டினார்கள். அவர் பதில் சொன்னதில்லை. பழக்கத்தை விட்டதும் இல்லை. காசில்லாமல் கிடைத்த சாப்பாட்டுக்கு எங்களில் பலர் பின்னால் விலை கொடுத்தோம். அவருக்கும் ஐம்பத்தைந்து வயதில் ரத்த அழுத்தம் வந்தது. அவருடைய தாய்க்கும் இருந்தது. அதற்காக மனம் உடையாமல், மாத்திரையையும் தூக்குச் சட்டியோடு சேர்த்துக்கொண்டார். எண்பதை நெருங்கும் இந்த வயதிலும் பேரனின் பள்ளிப் பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை நடக்கிறார்.

மாத்திரை என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. எங்கள் குடியிருப்பில் ஓர் அம்மா. வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாக உண்பவர். மீந்ததை வீணாக்கக் கூடாதென்று பசியில்லாமலும் உண்பவர். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டு அளவு சீரானதும், "சரியாயிடுச்சு" என்று நிறுத்திவிட்டார். சில மாதங்களில் பக்கவாதம் வந்து வலக்கை விழுந்தது. அளவு சீராக இருந்ததே மாத்திரையால்தான் என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. உடம்பை நானே பார்த்துக்கொள்கிறேன் என்பதற்கு மருத்துவரை விலக்குவது என்று பொருள் கொள்ளாதீர்கள். மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாமல் இருப்பதும், நடப்பதைப் போலவே ஓர் அன்றாடப் பழக்கம்தான். 2021 ஆகஸ்ட் முதல் நம் மாநிலத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மகளிர் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். அவர்கள் கதவைத் தட்டும்போது "அப்புறம் வாங்க" என்று சொல்லும் வீடுகளை நான் பார்க்கிறேன். மனம் வருந்துகிறது. வீட்டுப் பெண்களின் உடல்நலம் அவர்களுடைய பொறுப்பு மட்டும் அன்று. அவர்கள் கையால் உண்ணும் ஒவ்வொருவரின் பொறுப்பும்கூட.

உப்பைப் பற்றி ஒரு சொல். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு போதும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, பொட்டலத்தில் வரும் நொறுக்குத் தீனி எல்லாம் அந்த ஒரு தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும்.

புகையிலையைப் பற்றி நீட்டிப் பேசமாட்டேன். தூக்கம் வராமலிருக்க உதட்டுக்கடியில் அதை அடக்கிவைத்து வண்டி ஓட்டியவர்கள் சிலரின் இறுதி ஊர்வலத்தில் நடந்திருக்கிறேன். பிரிட்டனில் மருத்துவர்களையே ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் டாலும் அவருடைய குழுவினரும் 2004இல் சொன்ன முடிவு இது: சிகரெட்டை 60 வயதில் விட்டவர்களுக்கு ஏறக்குறைய 3 ஆண்டு ஆயுள் கூடியது; 50இல் விட்டவர்களுக்கு 6; 40இல் விட்டவர்களுக்கு 9; 30இல் விட்டவர்களுக்கு 10. எந்த வயதிலும் விடலாம். முந்தி விட்டவருக்கு மிகுதி.

உங்கள் தலைமுறையின் சுமை வேறு என்பது எனக்குத் தெரியும். எங்களுக்கு ஏறி இறங்கப் படிக்கட்டாவது இருந்தது. நீங்கள் நாற்காலியில் பத்து மணி நேரம் உட்கார்கிறீர்கள். இரவு பதினொரு மணிக்குக் கைபேசியில் விரல் வைத்தால் பிரியாணி வாசலுக்கு வருகிறது. அதைக் கொண்டுவரும் பையனும் உங்கள் வயதுதான். அவனும் நேரத்துக்கு உண்பதில்லை, உறங்குவதில்லை. வேலையை விட்டுவிடச் சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் மருத்துவர்கள் சொல்லும் வாரத்துக்கு 150 நிமிட வேக நடை என்பது நாளுக்கு இருபத்திரண்டு நிமிடம்கூட நிறையாது. வீட்டுக்கு ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி நடப்பவர்களுக்கு அதில் பாதி அங்கேயே கிடைத்துவிடும். முதல் வாரம் கால் வலிக்கும். மூன்றாவது வாரம் சலிக்கும். அந்தச் சலிப்பில்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அதைக் கடந்தவர்களே நிலைத்தார்கள்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். முப்பது வயதைக் கடந்தவர்கள் இந்த மாதம் முடிவதற்குள் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். வரும் எண்களைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த ஆண்டும் அதே நோட்டில் எழுதுங்கள். போகும்போது அப்பா அம்மாவையும் அழைத்துப் போங்கள். அவர்களாகப் போகமாட்டார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனைக்குக் கட்டணம் கிடையாது.