மக்கத்து வெயிலும் உம்மாவின் தாகமும்



ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள் எழுதும்போது கஃபாவைக் கண்ட முதற் கணத்தையும் அரஃபாவில் வடித்த கண்ணீரையும் எழுதுவார்கள். அவற்றை என்னைவிட நன்றாக எழுதியோர் பலர். எனக்கு எழுத வேண்டியிருப்பது ஒரு தண்ணீர்ப் போத்தலைப் பற்றி.

ஹிஜ்ரி 1445, அதாவது 2024 ஜூன் மாதம், எழுபத்திரண்டு வயதான என் உம்மாவை அழைத்துக்கொண்டு புனித மக்காவில் இருந்தேன். புறப்படுமுன் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் ஹஜ் வகுப்பு நடத்தியவனும் நானேதான். இஹ்ராமின் விலக்கல்கள், தவாஃபின் ஷர்த்துகள், ஸஃயின் துஆக்கள் எல்லாம் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரோ கேட்டபோது, “கச்சான் காற்றில் பிறந்து வளர்ந்த நமக்கு வெயில் புதிதா?” என்று சொல்லிச் சிரித்தது நினைவிருக்கிறது.

மக்கத்து வெயில் வேறு வகை. நம் கரையோர ஊர்களில் வெயில் ஏறினால் சட்டை நனையும், நெற்றியில் வழியும், உடம்பே “போதும், நிழலுக்கு வா” என்று சொல்லிவிடும். அங்கே காற்று அவ்வளவு உலர்ந்தது. வியர்வை தோலுக்கு வந்தவுடனேயே காய்ந்து போகிறது. கையைத் தடவிப் பார்த்தால் ஈரமே இல்லை. வியர்க்கவில்லை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்க, உடம்பிலுள்ள நீர் போய்க்கொண்டே இருக்கிறது. நிழலுக்கு ஒதுங்கலாம் என்றாலும் மே மாதக் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை நண்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலையில் நிற்கும். மே 28, ஜூலை 16 ஆகிய நாட்களையொட்டி கஃபாவுக்கு நேர் மேலேயே வந்துவிடும். அந்த நேரம் மாடிக் கட்டடங்களுக்கும் சொல்லத்தக்க நிழல் இல்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள். லுஹர் தொழுதுவிட்டு ஹரமிலிருந்து தங்குமிடத்துக்கு நடந்தோம். கால் மணி நேர நடைதான். பாதி வழியில் உம்மா நின்றார். “மகன், வாப்பா எங்க? பின்னால வாறாரா?” என்று கேட்டார்.

வாப்பா மவுத்தாகிப் பதினொரு வருடம்.

களைப்பில் ஏதோ சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். முகம் சிவந்திருந்தது, தொட்டால் அடுப்பருகே வைத்த பாத்திரம் போலிருந்தது. அடுத்த நிமிடம் கால் மடங்கியது. நான் கையைப் பிடித்துக்கொண்டு ஓத ஆரம்பித்தேனே தவிர வேறொன்றும் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற சூடானிய இளைஞர் ஒருவர் உம்மாவைக் கடை வாசல் நிழலுக்குத் தூக்கிச் சென்று, கையிலிருந்த தண்ணீரைத் தலையிலும் கழுத்திலும் உடுப்போடு சேர்த்து ஊற்றி, ஓர் அட்டைப் பெட்டியைக் கிழித்து விசிறத் தொடங்கினார். நான் தண்ணீரை வாயில் ஊற்றப் போனபோது கையைத் தட்டிவிட்டார். நினைவு தடுமாறியவருக்கு வாயில் ஊற்றினால் புரையேறி மூச்சு அடைத்துவிடும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அல்லாஹ் அவருக்கு அருள் செய்வானாக.

சிகிச்சை நிலையத்தில் ஈரத் துணியால் போர்த்தி, சேலைன் ஏற்றினார்கள். அஸருக்குள் உம்மாவுக்கு நினைவு தெளிந்தது, அல்ஹம்துலில்லாஹ். டொக்டர் என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார்: “உங்கள் தாயார் கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார்?” பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

இரவு உம்மாவிடமே கேட்டேன். ஸுபஹுக்கு முன் என்றார். அதன் பிறகு ஒரு மிடறு தண்ணீரும் குடிக்கவில்லையாம். “குடிச்சா வெளியே போகணும். போனா வுழூ முறியும், ஸஃப்பில இருக்கிற இடமும் போகும். அந்தப் பெரிய மின்படியில ஏறி இறங்க எனக்குப் பயம், மகன். தாகமும் எடுக்கல்ல.”

வாசகர்களே, இந்தப் பதிலை நான் பிறகு வேறு பல வயதானவர்களிடமும் கேட்டேன். நம் பெரியவர்களை உலர்த்துவது வெயில் மட்டுமல்ல. கழிவறை தூரம், வுழூ முறியுமே என்ற கவலை, பிள்ளைகளுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்ற கூச்சம். உடம்பும் அவர்களுக்குத் துணை நிற்பதில்லை. வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்குகிறது. வியர்வையும் குறைகிறது, நீரைச் சேமித்து வைக்கும் திறன் சிறுநீரகத்துக்குக் குறைகிறது. பிறஷருக்காகச் சலம் போகும் குளிசை எடுப்பவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். குளிசையை நாமாக நிறுத்தக் கூடாது. பயணத்துக்கு முன் டொக்டரிடம் கேட்டு அளவைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இருதய, சிறுநீரக நோயுள்ளோர் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் அவரே சொல்ல வேண்டும்.

மறுநாளிலிருந்து நான் உம்மாவின் தாகமானேன். அரை லீற்றர் போத்தல் ஒன்றைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, கேட்காமலே நீட்டினேன். அதிகக் குளிர்ச்சி அவருக்கு ஒத்துக்கொள்ளாது. ஹரமில் குளிரூட்டாத ஸம்ஸமும் தனிக் கொள்கலன்களில் இருக்கிறது, அதில் நிரப்பிக்கொள்வேன். ஸஃப்பின் ஓரத்தில், கழிவறைக்கு வழியுள்ள பக்கமாக இடம் பிடித்தோம். மின்படியில் என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொள்வார். சிறுநீரின் நிறத்தைப் பார்க்கச் சொன்னேன். பிளேன்டீ நிறமென்றால் இன்னும் குடிக்க வேண்டும், வைக்கோல் நிறமென்றால் போதும். மௌலவி மகன் இதையெல்லாம் கேட்கிறானே என்று உம்மா வெட்கப்பட்டார். எனக்கு வெட்கம் போய்விட்டிருந்தது.

லுஹருக்குப் போனால் அஸர் தொழுதுவிட்டுத்தான் திரும்பினோம். உள்ளே குளிரூட்டப்பட்ட பகுதியில் உம்மா சற்றுக் கண்ணயர்வார். செருப்பை வாசலில் விடாமல் பைக்குள் வைத்துக்கொண்டோம். மதாஃபின் வெள்ளைப் பளிங்கு வெயிலிலும் குளிர்ந்திருக்கும் என்பது உண்மை. அது கிரேக்க நாட்டின் தாஸோஸ் தீவிலிருந்து வந்த கல். ஆனால் வெளியே தார் வீதியில் அந்தச் சலுகை இல்லை. செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்து உள்ளங்கால் கொப்பளித்த சீனி வருத்தக்காரர் ஒருவரை எங்கள் குழுவிலேயே கண்டேன். அவருக்குச் சூடு உறைக்கவேயில்லை.

அறைக்குள்ளேயே நாள் முழுதும் படுத்திருப்பதும் சரியல்ல. இரண்டு நாள் உம்மாவை அப்படித்தான் வைத்திருந்தேன், முழங்கால் பூட்டிக்கொண்டது. பிறகு ஸுபஹுக்குப் பின்னும் இஷாவுக்குப் பின்னும் மெதுவாக நடந்தோம், பகலில் ஹோட்டல் நடைபாதையில் நாலு சுற்று. ஸஃயின் ஏழு சுற்றுகளும் சேர்ந்தால் ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர். மூன்று சுற்றை நடந்தார், மிச்சத்துக்குச் சக்கர நாற்காலி. ஏற மறுத்தவரிடம், இரு புதல்வர்கள் தாங்கிப் பிடிக்க நடந்துபோன முதியவரைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அவர் இப்படித் தன்னை வருத்திக்கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்று சொல்லி, வாகனத்தில் ஏறச் செய்த செய்தியைச் சொன்னேன். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. பத்து வருடமாக மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்த ஹதீஸ்; அன்றுதான் என் வீட்டுக்குள் வந்தது.

இஹ்ராமில் தலையில் தண்ணீர் ஊற்றலாமா என்று பெரியவர்கள் தயங்குகிறார்கள். தாராளமாக ஊற்றலாம். வாசனைச் சவர்க்காரம்தான் கூடாது. ஆண்கள் தலையில் தொப்பியோ துணியோ போடக் கூடாதே தவிர, குடை பிடிக்கலாம். நபியவர்கள் ஜம்ராவில் கல்லெறியச் சென்றபோது, தோழர் ஒருவர் துணியை உயர்த்திப் பிடித்து வெயிலை மறைத்ததை உம்முல் ஹுஸைன் (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். பலவீனமானவர்களை முஸ்தலிஃபாவிலிருந்து இரவிலேயே முன்கூட்டி அனுப்பியதும் ஸுன்னாவில் உள்ளதுதான். அரஃபாவில் நிற்கும் ஆயிரக்கணக்கான வேப்பமரங்களைக் கண்டதும் உம்மாவுக்கு வீட்டு முற்றம் நினைவு வந்துவிட்டது. ஒரு மரத்தடியிலேயே பாயை விரித்துக் குடையையும் பிடித்து, துஆவில் இருந்தார்.

ஜூன் 17 அன்று மஸ்ஜிதுல் ஹராமில் வெப்பம் 51.8 பாகை செல்சியஸ். அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் மரணித்ததாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 வீதமானோர் அனுமதியின்றி வந்து, ஒதுங்கக் கூடாரமின்றி நேர் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். முதியோரும் நோயாளிகளும் அவர்களில் இருந்தார்கள். இன்னா லில்லாஹ். குறைந்த விலைக்கு விசிட் விசாவில் ஹஜ் என்று யாராவது உங்களிடம் வந்தால், உங்கள் வாப்பாவின் கூடாரத்தைத்தான் அவர் விலை குறைத்திருக்கிறார் என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

ஹஜ் காலம் ஆண்டுக்குப் பத்து, பதினொரு நாட்கள் முந்துவதால் மெல்லக் கோடையை விட்டு நகர்கிறது. ஆனால் உம்ராவுக்குக் காலமில்லை. ஜூலை, ஆகஸ்டில் லீவு கிடைக்கிறது என்று பெற்றோரை அழைத்துப் போகிறோம். முடிந்தால் குளிர்காலத்துக்கு மாற்றிவிடுங்கள். முடியாவிட்டால், பேச்சுத் தடுமாறினால், ஆளை அடையாளம் தெரியாமல் போனால் வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். நிழலில் வைத்து உடம்பை நனைத்து விசிறுங்கள், அக்குளிலும் கழுத்திலும் ஐஸ் வையுங்கள், 997க்கு அழையுங்கள். உடம்பை நனைக்காமல் 40 பாகைக்கு மேற்பட்ட காற்றில் ஃபேன் போட்டால் அது சூட்டைத்தான் ஊதும்.

ஹஜ்ஜுக்குப் பிறகு மதீனாவில் எட்டு நாள் இருந்தோம். நபவிப் பள்ளியின் முற்றத்தில் 250 பெரிய குடைகள் இருக்கின்றன. கடைசி நாள் ஸுபஹுக்குப் பின், வெளிச்சம் பரவும்போது அவை ஒவ்வொன்றாக விரிவதைப் பார்த்துக்கொண்டு தூணோரமாக உட்கார்ந்திருந்தோம். நான் அண்ணாந்து பார்த்தபடியே இருந்துவிட்டேன். உம்மா என் முழங்காலைத் தட்டி வெறும் போத்தலை நீட்டினார்.

“இத நெரப்பிக்கிட்டு வா, மகன். நீயும் காலையிலிருந்து ஒண்டும் குடிக்கல்ல.”