தோற்றால் யார் கொடுப்பது?

ஏனாத்தூரில் சனிக்கிழமைகளில் நாங்கள் பாடம் எடுக்கத் தொடங்கி இது நான்காம் ஆண்டு. எங்களில் ஒருவர் தமிழ் படித்தவர். மற்றவர் வேதியியல் படித்தவர். இருவருமே எந்தத் தொழிலையும் தொடங்கி நடத்தியவர்கள் அல்லர். அத்தகைய இருவரிடம் தொழில்முனைவையும் தலைமைப் பண்பையும் கற்பிக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது வேடிக்கைதான். கலை, அறிவியல் பட்டப்படிப்புகளுக்குள் இந்தப் பாடம் நுழைந்த காலம் அது. 2022இல் தமிழக அரசு 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து 'திறன்' என்ற சொல்லைக் கேட்காமல் ஒரு கல்லூரி நாளும் கழிவதில்லை. வரலாறு படிப்பவரும் கணிதம் படிப்பவரும் தமிழிலக்கியம் படிப்பவரும் ஒரே வகுப்பில் அமர்ந்து, தொழில்முனைவோருக்குரிய பத்துப் பண்புகளை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டுப் போகிறார்கள். பத்தில் ஒன்று 'இடர் ஏற்கும் துணிவு'. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த ஒன்றைப் பற்றியதுதான்.

ஏனாத்தூர், காஞ்சிபுரத்தை ஒட்டிய சிற்றூர். சந்திரசேகரேந்திர சரஸ்வதி விசுவ மகாவித்யாலயா 1993இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது முதல் ஊரின் பெயர் வெளியூர்களிலும் தெரியும். கலைக் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் இங்கே உண்டு. காலையில் காஞ்சிபுரத்திலிருந்து வரும் பேருந்துகளில் இறங்கும் பிள்ளைகளில் பலர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். பிள்ளையார்பாளையத்தின் தெருக்களில் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள். எங்கள் பாடநூலிலோ கலிபோர்னியாவின் கார் நிறுத்தும் கொட்டகையில் கணினி செய்தவர்களும் மும்பையில் பெருநிறுவனம் கட்டியவர்களும் மட்டுமே வருகிறார்கள்.

முதல் ஆண்டு வகுப்பில், வீட்டில் சொந்தமாகத் தொழில் செய்பவர் யாரேனும் உண்டா என்று கேட்டோம். ஒரு கைகூட உயரவில்லை. அப்பா என்ன செய்கிறார் என்று ஒவ்வொருவராகக் கேட்டபோதுதான் தறி, சாயப்பட்டறை, இட்லிக்கடை, தார் சுற்றும் அம்மா என்று வரிசையாக வந்தன. "அதெல்லாம் தொழில்முனைவா சார்?" என்றான் ஒரு மாணவன். அவனைப் பொறுத்தவரை 'முதலாளி' என்பவர் வேறு ஆள். பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுத்து, நெய்த சேலையை வாங்கிக்கொண்டு கூலி தருபவர்தான் காஞ்சிபுரத்தில் முதலாளி. தறி அப்பாவுடையது, தறி நிற்கும் வீடும் அப்பாவுடையது, மழைக்காலத்தில் குழித்தறிக்குள் நீர் ஊறி வேலை நின்றால் அந்த நட்டமும் அப்பாவுடையது. ஆயினும் அவர் பெயர் கூலிக்காரர். பொருளியல் நூல்கள் இடரை ஏற்பவரையே தொழில்முனைவோர் என்கின்றன. அப்படியானால் இந்த ஊரில் அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று மாணவர்களையே கேட்டுவைத்தோம். நீண்ட நேரம் பதில் வரவில்லை.

அதன்பிறகு பாடநூலைச் சற்று ஒதுக்கிவிட்டு, ஒரு பாவுக்குரிய கணக்கை எழுதிவரச் சொன்னோம். பட்டுத்தறியில் ஒரு பாவு பெரும்பாலும் மூன்று சேலைக்கு வரும். பாவு ஏறிய நாள் முதல் மூன்றாம் சேலை அறுக்கும் நாள் வரை யார் யார் எத்தனை மணிநேரம் உழைத்தார்கள் என்பதை எழுத வேண்டும். அப்பாவின் உழைப்பு மட்டும் போதாது. அம்மா தார் சுற்றிய நேரம், கோர்வைச் சேலையானால் கரைக்காகப் பக்கத்தில் அமர்ந்து நாடா வீசியவரின் நேரம், அறுந்த இழைகளை முடிந்த நேரம் எல்லாம் வர வேண்டும். உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு ஒரு நிறமுமாக மூன்று நாடாக்கள் கொண்டு நெய்து, இரண்டும் பிரியாமல் கோத்துவிடுவதுதான் காஞ்சிபுரத்துக் கோர்வையின் பெருமை. அந்தப் பெருமைக்கு இரண்டாம் ஆள் வேண்டும். அந்த இரண்டாம் ஆளுக்குத் தனிக் கூலி எந்த வீட்டுக் கணக்கிலும் இல்லை. முன்பு அந்த இடத்தில் சிறுவர்கள் அமர்ந்திருந்தார்கள்; முன்பணத்துக்கு ஈடாக அமர்த்தப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. இப்போது பெரும்பாலும் மனைவி.

வந்த கணக்குகளை வகுத்துப் பார்த்தபோது, பல வீடுகளில் ஒரு நாள் உழைப்பின் மதிப்பு கட்டட வேலைக்குப் போகும் சித்தாளின் கூலியைக்கூட எட்டவில்லை. பிள்ளைகளுக்கு அது அதிர்ச்சியாக இல்லை. தெரிந்த ஒன்றை எண்ணாகப் பார்த்தார்கள், அவ்வளவே. ஆனால் வணிகவியல் மாணவி ஒருத்தி தன் தாளை வீட்டில் காட்டியிருக்கிறாள். அந்தப் பாவு முடிந்ததும் அவள் தந்தை புதுப் பாவு ஏற்றவில்லை. ஒரகடத்தில் காவலர் வேலைக்குப் போய்விட்டார். தொழில் தொடங்கக் கற்பிக்க வந்த வகுப்பின் முதல் விளைவு ஒரு தறி நின்றது. நண்பர்கள் சிலர் இதைக் கேட்டு வருந்தினார்கள், மரபு அழிகிறதே என்றார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. நட்டத்தில் ஓடும் ஒன்றைக் கண்டறிந்து நிறுத்துவதும் இந்தப் பாடத்தின் பகுதியே. வெளியிலிருந்து சேலையை வியப்பவர்கள் அந்த வீட்டின் மாதக் கணக்கைக் கட்டப்போவதில்லை.

அதற்காக மாதச் சம்பளம் என்பது கரைசேர்ந்த நிலையும் அன்று. இந்த வகுப்பில் இருப்பவர்களின் அண்ணன்மார் காலத்தில், 2006இல் திருப்பெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலைக்குக் காஞ்சிபுரம் சுற்றுவட்டாரத்திலிருந்து பேருந்து பேருந்தாகப் பிள்ளைகள் போனார்கள். 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. தறியை விட்டுப் போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆகவே 'வேலையா, தொழிலா' என்று மேடைகளில் நடக்கும் பட்டிமன்றம் இந்தத் தெருக்களில் எடுபடுவதில்லை. இரண்டிலும் விழுந்தவர்களை இவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

இனி அந்தத் துணிவு பற்றி. ஹார்வர்டில் உளவியல் பேராசிரியராக இருந்த டேவிட் மெக்லெலண்ட், 1960களில் ஆந்திரத்தின் காக்கிநாடாவைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்த சிறு தொழிலதிபர்களுக்கும் வணிகர்களுக்கும் பயிற்சியளித்தார். ஐதராபாத்தில் 1962இல் நிறுவப்பட்டிருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனம் உடன் நின்றது. சாதிக்கும் வேட்கை பிறவியில் வருவதன்று, அதைக் கற்பித்து ஊட்ட முடியும் என்பது அவர் கோட்பாடு. டேவிட் வின்டருடன் சேர்ந்து 1969இல் அதை நூலாகவும் எழுதினார். நம் நாட்டுத் தொழில்முனைவுப் பயிற்சிகளில் இன்றும் ஆடப்படும் வளைய விளையாட்டு அவர் வழி வந்தது. தரையில் ஒரு முளை, கையில் வளையம், எவ்வளவு தொலைவில் நின்று வீசுவது என்பதை ஆடுபவரே முடிவு செய்யலாம். மிக அருகில் நிற்பவர் தோல்விக்கு அஞ்சுபவர், மிகத் தொலைவில் நிற்பவர் குருட்டு அதிர்ஷ்டத்தை நம்புபவர், முயன்றால் விழக்கூடிய நடுத்தொலைவில் நிற்பவரே சாதனையாளர் என்பது அதன் பாடம்.

நாங்களும் ஆடிப் பார்த்தோம். வளையத்துக்கு வைக்கோல் பிரிமணை. முளைக்குத் தண்ணீர்ப் புட்டி. வகுப்பில் பாதிக்கு மேல் புட்டியை ஒட்டினாற்போல் நின்றுகொண்டார்கள். மெக்லெலண்டின் கோட்பாட்டை விளக்கத் தொடங்கினோம். கடைசி வரிசையிலிருந்த இயற்பியல் மாணவன் எழுந்தான். "தோத்தா யார் குடுக்கணும்னு நீங்க சொல்லவே இல்லையே சார்?" என்று கேட்டான். விளையாட்டில் கொடுப்பதற்கு ஒன்றுமில்லையே என்றோம். "அப்படி ஒரு விளையாட்ட நாங்க பாத்ததில்ல சார்" என்றான்.

நான்கு ஆண்டுகளில் நாங்கள் கேட்ட மிக நல்ல கேள்வி அதுவே. துணிவை ஒருவரது உள்ளத்துக் குணமாக எண்ணி அளப்பவர்கள், அவர் காலடியில் என்ன விரிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மூன்று தொழில்களில் தோற்று நான்காவதில் வென்றால் அதை விடாமுயற்சி என்கிறோம். முதல் மூன்றுக்கும் பணம் கட்டியவர் கதையில் வருவதில்லை. இங்கே ஒருமுறை தோற்றால் தங்கையின் படிப்பு நிற்கும். படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கென 2012இல் வந்த 'நீட்ஸ்' திட்டத்தில் 25 விழுக்காடு மானியம் உண்டு; சிறப்புப் பிரிவினர் 5 விழுக்காடு சொந்தப் பணம் போட்டால் போதும். நல்ல திட்டம்தான். ஆனால் அந்த ஐந்தும் பெரும்பாலும் அம்மாவின் கழுத்திலிருந்து கழற்றப்படுவது.

அடுத்த வாரம் விதியை மாற்றினோம். ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஆளுக்குப் பத்து ரூபாய் குழுவின் பொதுப்பையில் போடச் சொன்னோம். வீசித் தோற்றால் பணம் பையிலிருந்து போகும், தனி ஆளிடமிருந்து போகாது. முன்வாரம் ஒட்டி நின்றவர்களில் பலர் தாமாகவே இரண்டடி மூன்றடி பின்னால் போனார்கள். யார் முதலில் வீசுவது, எவ்வளவு இழந்தால் நிறுத்துவது என்று ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் பேசத் தொடங்கினார். தலைமைப் பண்பு என்ற அத்தியாயத்தை அன்று தனியே நடத்த வேண்டியிருக்கவில்லை.

இதைச் சொல்லித்தர வெளிநாட்டு நூல் தேவையும் இல்லை. 1909இல் இதே காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, பச்சையப்பன் கல்லூரியில் பொருளியல் முதுகலை படித்து, சிறிது காலம் நகராட்சியில் எழுத்தராகவும் இருந்தவர் அண்ணாதுரை. கலைப் பட்டதாரி, எங்கள் மாணவர்களின் மூத்த தலைமுறை என்று சொல்லலாம். 1953இல் கைத்தறித் துணி தேங்கி நெசவாளர் பட்டினியில் விழுந்தபோது, கட்சிக்காரர்களோடு அவரும் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்றார். அவர் அரசியலை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். தேங்கிய சரக்கின் சுமையை நெய்தவன் தலையிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார் என்பதைத்தான் வகுப்பில் சொல்கிறோம். காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா என்ற பெயர்களில் காஞ்சிபுரத்தில் இயங்கும் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களின் அடிப்படையும் அதுவே. சேலை விற்றாலும் விற்காவிட்டாலும் உறுப்பினருக்குக் கூலி உண்டு. தேக்கம் சங்கத்தின் கணக்கு. சங்கம் என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைகளும் வகுப்பில் உண்டு, அதற்கு அவர்களுக்குக் காரணங்களும் உண்டு. இருந்தும் ஒரு சங்கத்தின் இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தெரிந்துகொண்ட பின் சுளிக்கட்டும் என்கிறோம்.

அறிவியல் மாணவர்களுக்கு நாங்கள் தவறாமல் சொல்லும் கதை பிரபுல்ல சந்திர ராயினுடையது. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் வேதியியல் கற்பித்துக்கொண்டே, 1892இல் 700 ரூபாய் முதலுடன் வாடகை வீட்டில் பெங்கால் கெமிக்கல்ஸைத் தொடங்கினார். 1901இல் அது பங்கு நிறுவனமானது. பாஸ்பேட் செய்வதற்காக மாட்டெலும்புகளை மாடியில் காயவைத்தவர் அவர். நாற்றம் தாங்காமல் அண்டை வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். அந்த எலும்புக் கதைக்குப் பிறகுதான் வேதியியல் மாணவி ஒருத்தி, தன் சித்தப்பாவின் சாயப்பட்டறையைப் பற்றிப் பேசினாள். பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைத்து, செரிசின் என்னும் பசையை நீக்கிய பிறகே சாயமேற்றுவார்கள். அதில் நூலின் எடை ஏறத்தாழக் கால் பங்கு குறையும். எப்போது இறக்குவது என்பது சித்தப்பாவின் விரல்களுக்குத்தான் தெரியும். அவள் ஒரு வெப்பமானியையும் தராசையும் கொண்டுபோய், மூன்று மாதம் ஒவ்வொரு கொதியையும் குறித்துவைத்தாள். விரலும் வெப்பமானியும் பெரும்பாலும் ஒத்துப்போயின. ஒத்துப்போகாத நாட்களில்தான் நூல் வீணாகியிருந்தது.

இந்த ஆண்டு தைப்பொங்கல் கழிந்து, ஒரு கிலோ நூலைத் தன் பொறுப்பில் விடும்படி சித்தப்பாவிடம் கேட்டாள். பட்டின் விலை அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "கெட்டுப்போனா பாதி உன் கணக்கு, பாதி என் கணக்கு" என்றாராம். நூல் அரக்கு நிறத்தில் வந்திருக்கிறது. இரண்டு கழியில் மட்டும் ஓரம் சற்று வெளிறியிருக்கிறது. அதை வைத்து வாங்குபவர் விலையைக் குறைத்துக் கேட்கிறார். அவள் கொதிக் குறிப்பேட்டைக் காட்டி மறுக்கிறாள். சென்ற சனிக்கிழமை வரை பேரம் முடியவில்லை.