தினமும் 300 ரூபாய்... 26 நாடுகள்! கொச்சி டீக்கடை விஜயனை ஞாபகம் இருக்கா?

நிலாவில் இறங்கிய ஆம்ஸ்ட்ராங்குக்கு, அங்கே ஏற்கெனவே கடை போட்டிருந்த நாயர் ஒருவர் டீ ஆற்றிக் கொடுத்தார் என்ற பழைய ஜோக் நம்மூரிலும் பிரபலம். எங்கே போனாலும் மலையாளி ஒரு டீக்கடை போட்டுவிடுவார் என்பதுதான் அதிலிருக்கும் கிண்டல். கொச்சியின் கே.ஆர்.விஜயன் இந்த ஜோக்கைத் தலைகீழாக்கிவிட்டார். போன நாடுகளில் எல்லாம் அவர் கடை போடவில்லை. சொந்த ஊரில் டீ ஆற்றினார், அந்தக் காசில் உலகம் சுற்றினார், திரும்பி வந்து மறுபடியும் டீ ஆற்றினார்.

எர்ணாகுளம் கடவந்திராவில் இருக்கிறது 'ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ்'. பெயர்தான் கொஞ்சம் பெரிது. கடை என்னவோ நம்மூர் முக்குக்கடை மாதிரி சின்னதுதான். டீ ஆற்றுவது, டேபிள் துடைப்பது, கல்லாவைப் பார்ப்பது என எல்லா வேலையையும் விஜயனும் அவர் மனைவி மோகனாவும் பகிர்ந்துகொண்டார்கள். சுவரில் அவர்கள் போய்வந்த ஊர்களின் படங்கள். டீ குடிக்க வந்தவர் படத்தைப் பார்ப்பார், கேள்வி கேட்பார், பேச்சு எங்கோ ஒரு வெளிநாட்டில் போய் நிற்கும். விஜயனுக்கு அந்தப் பேச்சில் அலுப்பே வந்ததில்லை.

ஊர் சுற்றும் ஆசை அவருக்குச் சின்ன வயதிலேயே இருந்தது. ஆனால், டீக்கடை நடத்துகிறவருக்கு லீவு கிடையாது என்பது ஊரறிந்த விஷயம். ஒரு நாள் பூட்டிப் போட்டால் அன்றைய வருமானம் போச்சு, ஒரு வாரம் பூட்டினால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் பழகிவிடுவார். நல்லது கெட்டதுக்கு மட்டும் ஷட்டரை இறக்கும் கடைக்காரர்களைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம். அப்படிப்பட்ட தொழிலில் இருந்துகொண்டு, 2007-ல் இருவரும் முதல் வெளிநாட்டுப் பயணமாக இஸ்ரேலுக்குக் கிளம்பினார்கள்.

கணக்கு எளிமையானது. தினமும் கல்லாவிலிருந்து 300 ரூபாயைத் தனியாக எடுத்துவைத்தார்கள். ஒரு நாள்கூட விடாமல் சேர்த்தால் வருடத்துக்கு 1,09,500 ரூபாய். இரண்டு பேர் ஐரோப்பாவுக்கோ தென் அமெரிக்காவுக்கோ போய்வர இது போதாது. மீதிக்கு வங்கியில் கடன். பயணம் முடிந்து வந்ததும் இரண்டு மூன்று வருடம் டீ விற்று அந்தக் கடனை அடைப்பார்கள். அடைத்த கையோடு அடுத்த நாட்டுக்குத் திட்டம் போடுவார்கள்.

'கடன் வாங்கி ஊர் சுற்றுவதா?' என்று கேட்கத் தோன்றும். அவர்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள் என்று தெரிந்தால் நம் வீட்டுப் பெரியவர்களின் புருவம் இன்னும் உயரும். நியாயமான கேள்விதான். ஒரு டீக்கடை வருமானத்தில் கடன் என்பது விளையாட்டு இல்லை. உடம்பு படுத்துவிட்டால் தவணை நின்றுபோகும். ஆனால் காதுகுத்துக்கும், மண்டபத்துக்கும், சீர்வரிசைக்கும் வட்டிக்கு வாங்குவதை நாம் யாரும் கேள்வி கேட்பதில்லையே! அந்தக் கடன் ஊருக்காக வாங்குவது. விஜயன் வாங்கியது அவருக்காகவும் மோகனாவுக்காகவும். வாங்கியதை உழைத்து அடைக்கவும் செய்தார்.

மோகனாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் ஊர் சுற்றும் ஆண்களுக்குப் பஞ்சமில்லை. 'நீ வந்தா வீட்டை யார் பார்க்கிறது?' என்ற ஒரே கேள்வியில் வீட்டோடு நின்றுவிட்ட மனைவிகளுக்கும் பஞ்சமில்லை. இங்கே கடையின் வேலையில் பாதி மோகனாவுடையது, விமான டிக்கெட்டிலும் பாதி அவருடையது. ஸ்விட்சர்லாந்து, சிங்கப்பூர், அமெரிக்கா, பிரேசில், அர்ஜென்டினா, பெரு என எல்லா இடத்துப் படங்களிலும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

2018-ல் இவர்களைப் பற்றி 'இன்விசிபிள் விங்ஸ்' என்ற குறும் ஆவணப்படம் வந்தது. ஹரி எம்.மோகனன் இயக்கிய அந்தப் படம் ஃபிலிம்ஃபேர் விருதும் வாங்கியது. 2019 தொடக்கத்தில் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா, இவர்கள்தான் உண்மையான பணக்காரர்கள் என்ற பொருளில் ட்விட்டரில் எழுத, தேசமே திரும்பிப் பார்த்தது. அதே ஆண்டு அவர் உதவியோடு ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் போய்வந்தார்கள். இத்தனை வெளிச்சத்துக்குப் பிறகும் கடை பெரிதாகவில்லை, கிளைகள் முளைக்கவில்லை. ஒருவேளை கடையை வளர்ப்பதில் இறங்கியிருந்தால், ஊர் சுற்ற அவருக்கு நேரம் இருந்திருக்காது.

பிறகு கொரோனா. உலகமே கதவைச் சாத்திக்கொண்டதில், சுற்றுவதற்காகவே சம்பாதித்தவர்கள் வீட்டில் அடைந்துகிடந்தார்கள். 2021-ல் வழி திறந்ததும் ரஷ்யாவுக்கு டிக்கெட் போட்டுவிட்டார் விஜயன். வயது 71. கிளம்புவதற்கு முன்பு கேரள சுற்றுலாத் துறை அமைச்சர் முகமது ரியாஸ் கடைக்கே வந்து இருவரையும் சந்தித்தார். புதினைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருப்பதாகச் சிரித்துக்கொண்டே சொல்லிவந்தார் விஜயன். டீக்கடைக்காரர் அதிபரைப் பார்ப்பதா என்ற கூச்சமெல்லாம் அவரிடம் கிடையாது. அக்டோபர் மாதத்தின் கடைசியில் ரஷ்யாவைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினார்கள். அது 26-வது நாடு.

திரும்பி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 19 அன்று மாரடைப்பில் விஜயன் காலமானார். அடைக்க வேண்டிய கடன் எவ்வளவு மிச்சம் என்று அன்று யாரும் பேசவில்லை. செய்தி வெளியிட்ட ஊடகங்கள் எல்லாம் தேடி எடுத்துப் போட்டது ஒரே மாதிரியான படத்தைத்தான். சின்னக் கடை, பின்னால் சுவர் நிறைய வெளிநாடுகள், முன்னால் மோகனாவோடு சிரித்துக்கொண்டிருக்கும் விஜயன்.