முதல் என்னும் சொல்

பழைய கல்லூரிக் குழுப்படங்களைக் கண்டால் நின்று பார்ப்பது என் வழக்கம். பெயர்களைவிட, யார் அருகே யார் இருக்கிறார் என்பதே முதலில் என் கண்ணில் படும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள ஓபர்லின் கல்லூரியின் 1881ஆம் ஆண்டு பேஸ்பால் அணிப் படத்தையும் அப்படித்தான் பார்த்தேன். வெள்ளை மாணவர்களோடு மாணவர்களாக இரண்டு கறுப்பின இளைஞர்கள். அண்ணன் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர். தம்பி வெல்டி வாக்கர். 1830களிலேயே கறுப்பின மாணவர்களுக்குக் கதவு திறந்த கல்லூரி அது.

கல்லூரிகளுக்கிடையே பேஸ்பால் தொடங்கியது 1859 ஜூலை 1 அன்று. மாசசூசெட்ஸின் பிட்ஸ்ஃபீல்டில் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி வில்லியம்ஸ் கல்லூரியை 73-32 என்று வென்றது. மறுநாள் சதுரங்கத்திலும் வென்றது. (உடலையும் மூளையையும் அடுத்தடுத்த நாட்களில் சோதித்த அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.) அடுத்த இருபது ஆண்டுகளில் கல்லூரி ஆட்டத்துக்கும் காசுக்கு ஆடும் ஆட்டத்துக்கும் இடையிலிருந்த வேலி மெலிந்துபோயிற்று.

அந்த மெலிந்த வேலியைத் தாண்டிச் சென்றவர்களுள் ஒருவர் பிரவுன் பல்கலைக்கழக மாணவர் வில்லியம் எட்வர்ட் வைட். 1879 ஜூன் 21, சனிக்கிழமை. பிராவிடன்ஸ் கிரேஸ் என்னும் தொழில்முறை அணியின் ஆட்டக்காரர் ஒருவர் காயமுற, அவருக்கு மாற்றாக அந்த ஒரு நாள் மட்டும் வைட் ஆடினார். ஏறத்தாழ நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் கழித்தே ஆய்வாளர்கள் அவரது பிறப்பைத் துருவிக் கண்டனர். ஜார்ஜியாவில் ஒரு வெள்ளை முதலாளிக்கும் அவரிடம் அடிமையாயிருந்த பெண்ணுக்கும் பிறந்தவர் அவர். 1870ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கேடு அவரைக் கலப்பினத்தவர் என்கிறது. 1880ஆம் ஆண்டுக் கணக்கேடு வெள்ளையர் என்கிறது. பத்தாண்டுகளில் மாறியது தோலன்று, கட்டத்தில் எழுதப்பட்ட சொல். வெள்ளையராகவே வாழ்ந்து 1937இல் சிகாகோவில் மறைந்தார்.

ஃப்ளீட்வுட் வாக்கருக்கு அந்த வழி இல்லை. அவர் கேட்சர், நம் விக்கெட் கீப்பரைப் போல மட்டையாளருக்குப் பின்னால் நிற்பவர். அக்காலக் கேட்சருக்கு இன்றைய தடித்த கையுறை கிடையாது. பந்தின் வேகம் முழுவதும் உள்ளங்கையில்தான் இறங்கும். ஓபர்லினிலிருந்து மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று 1882இல் அங்கே ஆடினார். 1884இல் பெரிய லீகுகளுள் ஒன்றாக எண்ணப்பட்ட அமெரிக்கன் அசோசியேஷனில் டோலிடோ அணிக்காக இறங்கினார். அவ்வணியின் பிட்சர் டோனி முல்லேன், தாம் கண்ட கேட்சர்களில் வாக்கரே சிறந்தவர் என்றும், கறுப்பினத்தவர் என்பதால் அவர் காட்டும் சைகையைப் பாராமலே பந்தை எறிந்ததாகவும் 1919இல் ஒப்புக்கொண்டார். எந்தப் பந்து எப்படி வரும் என்றறியாமல் ஏறக்குறைய வெறுங்கையால் அதைப் பிடித்துக்கொண்டிருந்த மனிதரை எண்ணிப் பார்க்கிறேன். எதிரணியின் வசையைவிட இது கொடிது. தன் அணிக்காரன் அல்லவா?

1887இல் இன்டர்நேஷனல் லீக், கறுப்பினத்தவருக்கு இனிப் புதிய ஒப்பந்தம் தருவதில்லை என்று வாக்கெடுத்தது. எழுதப்படாத தடை எங்கும் இறுகியது. 1947இல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை பெரிய லீகுகளில் அது தளரவில்லை.

வைட்டின் கதை வெளிவந்த பின், முதல் கறுப்பின ஆட்டக்காரர் யார் என்று ஒரு விவாதம் எழுந்தது. தமிழில் 'முதல்' என்றால் தொடக்கம். போட்ட பணமும் முதல்தான். தேதியை மட்டும் பார்த்தால் வைட் முந்தியவர். தம் நிறத்தையே முதலாகப் போட்டு இழந்தவர் வாக்கர். என் சாய்வு வாக்கர் பக்கம். ஆனால் மறைந்து வாழ்ந்த வைட்டைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை.

வாக்கர் 1908இல் ஒரு சிறு நூல் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஆப்பிரிக்காவுக்கே திரும்பிவிட வேண்டும் என்பது அதன் வாதம். ஓபர்லின் படத்தில் வெள்ளை மாணவர்களோடு இருந்த அதே மனிதர்தான் எழுதினார். அவர் 1924இல் இறந்து ஸ்டூபன்வில்லில் புதைக்கப்பட்டார். பல பத்தாண்டுகள் அந்த இடத்தில் பெயர் பொறித்த கல் இல்லை. பின்னாளில் ஓபர்லின் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் வந்து ஒரு கல் நட்டார்கள்.